ஆந்தைக்கு ஏன் பொம்மை இல்லை

ஜூன் 12

சித்தப்பாவுக்கு,

நான் உங்கள் அண்ணன் மகள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறேன். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்கு ஆறு மாதம் என்று அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்னாள்.

உங்கள் முகவரி எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பொம்மைக் கம்பெனியிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பா படித்துவிட்டு நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நான் எடுத்து ஒட்டிப் படித்தேன். பழைய மல்யுத்த வீரர்களின் கடைசிப் பொம்மை வரிசை வரப்போகிறதாம். அதில் 'ஆந்தை'யைச் சேர்க்க முடியவில்லையாம். 'அந்த முகமூடிக்குள் இருந்தது நான் மட்டும்தான்' என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருப்பதால், இருவரும் சேர்ந்து கூட்டு ஒப்புதலில் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைசி நாள் ஆகஸ்ட் 31. கீழே 'நகல்' என்று போட்டு உங்கள் முகவரி இருந்தது.

எனக்குப் புரியவில்லை. ஆந்தை எங்கள் அப்பா. விளக்குச் சட்டத்தின் உச்சியிலிருந்து குதிக்கிற அந்தச் சுவரொட்டிப் படத்தில் இருப்பது எங்கள் அப்பா. நீங்கள் ஏன் அப்படி எழுதினீர்கள்?

இந்தக் கடிதத்தை இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா இப்போது மெத்தைக் கடையில் வேலை பார்க்கிறார். விற்காமல் திரும்பி வந்த மெத்தைகள் எங்கள் முன்னறையில் கூரை வரை அடுக்கியிருக்கும். இரவில் முதுகு வலித்தால் அப்பா எழுந்து நடப்பார். ஒரு அடி கனமாகவும் ஒரு அடி லேசாகவும் கேட்கும். கேட்டதும் டார்ச்சை அணைத்துவிடுவேன். அதனால் வரிகள் கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அப்பா அடிக்க மாட்டார். அடித்தால்கூடப் பரவாயில்லை. ஒருநாள் அம்மா பேச்சுவாக்கில் "உங்க தம்பி இருந்தா" என்று ஆரம்பித்துவிட்டாள். அப்பா பதினொரு நாள் யாரோடும் பேசவில்லை. நான் எண்ணினேன்.

வீட்டுக்கு எழுதாதீர்கள். உறையின் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடை முகவரிக்கு எழுதுங்கள். அந்தக் கடை அக்கா வாங்கி வைப்பார்.

உங்கள் அண்ணன் மகள்


ஜூன் 20

அண்ணன் மகளுக்கு,

கடிதம் வந்தது. பிரித்ததும் சிரித்துவிட்டேன்.

உன் அப்பா கம்பெனிக்கு எழுதியதன் நகல் என்னிடம் இருக்கிறது. 'ஆந்தை நான் மட்டும்தான், வேறு எவனும் இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் இருக்கிறது. நான் பேருந்து நிலையத்தில் சாவி போடுகிறவன். ஒரு சாவியின் பல்லைப் பார்த்தால் இன்னொன்று அதன் நகலா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அந்த எழுத்தும் இந்த எழுத்தும் ஒன்றுதான். ஆக, என்னை 'வேறு எவனும்' என்று எழுதிய கை உன்னுடையது. அதே கையால் இப்போது சித்தப்பா என்கிறாய்.

அவன் எழுதச் சொல்லி எழுதுகிறாயா? அப்படியானால் அவனிடம் சொல்: நேரில் வந்து கேட்கத் துணிவில்லாதவன் பிள்ளையைத் தூது விட வேண்டாம்.

அவன் சொல்லாமல் எழுதுகிறாய் என்றால், போய்ப் பாடத்தைப் படி.

சித்தப்பா


ஜூன் 24

சித்தப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. அது என் கைதான். அப்பாவின் வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது, தொட்டாலும் தெரியாது. பேனா நிற்காது. நான் நான்காம் வகுப்பிலிருந்து வீட்டில் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கையெழுத்தும் நான்தான் போடுகிறேன். ஆனால் அது பொய்க் கையெழுத்து இல்லை. அப்பா என் பின்னால் நிற்பார். நான் படித்துக் காட்டுவேன். சம்மதம் என்றால் என் தோளை ஒரு முறை அழுத்துவார். அழுத்திய பிறகுதான் போடுவேன். ஒரு தடவைகூட அழுத்தாமல் போட்டதில்லை. வங்கியிலும் பள்ளியிலும் அப்பா கையெழுத்து என்றால் அதுதான்.

அப்பாவுக்கு இந்தக் கடிதங்கள் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பிறகு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள்.

எங்கள் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறைய மல்யுத்தப் பொம்மைகள். எப்போதும் அதைப் பற்றியே பேசுவதால் அவள் பெயரே அலமாரி. போன வருடம் மேடையில் 'என் தந்தை' என்று பேசச் சொன்னார்கள். நான் ஆந்தையைப் பற்றிப் பேசிப் பரிசு வாங்கினேன். அன்றிலிருந்து அலமாரி என்னை விடுவதில்லை.

"உங்கப்பா நிஜமாவே ஆந்தைன்னா பொம்மை வந்திருக்கணுமே? மூணு நிமிஷத்துல தோத்த ஆளுக்கெல்லாம் எங்க வீட்ல பொம்மை இருக்கு."

"வரும்."

"எப்போ? உனக்குப் பேரன் பொறந்தப்புறமா?"

வகுப்பே சிரித்தது. இப்போது என் பெயர் குட்டி ஆந்தை. நான் கரும்பலகைக்குப் போனால் பின்னால் அலறுகிறார்கள்.

அதற்காக மட்டும் இல்லை. அப்பா தினமும் மெத்தைக் கடைக்குப் போகும்போது எதிரில் இருக்கும் பொம்மைக் கடைக் கண்ணாடி முன்னால் நிற்பார். ஒருநாள் பேருந்திலிருந்து பார்த்தேன். தன் காலத்து ஆட்களின் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் கையெழுத்துப் போட்டால் நான் எப்படியாவது அப்பாவையும் சம்மதிக்க வைப்பேன். போடுவீர்களா?

அண்ணன் மகள்


ஜூலை 5

குட்டி ஆந்தைக்கு,

கோபித்துக்கொள்ளாதே, பெயர் நன்றாக இருக்கிறது.

உன் அலமாரியிடம் சொல். பொம்மை வராததற்கு ஆயிரம் காரணம் உண்டு. எங்களோடு இருந்த ஒருவன் புகழ் மயக்கத்தில் தன் பெயரையே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். இன்று தன் கடைப் பலகையில் அந்தப் பெயரைப் போட அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒருவன் வழக்குப் போட்டான், அவன் படத்தைக்கூட எடுத்துவிட்டார்கள். ஒருவன் இறந்த பிறகு இரண்டு மனைவிகள் வந்தார்கள், ஒருத்தி கையெழுத்துப் போட்டால் மற்றவள் போட மாட்டாள். இன்னொருவனுக்குத் தொப்பை. பொம்மைக்கு உடம்பைப் புதிதாகச் செய்வதில்லை, இருக்கிற பொது அச்சில் வார்த்துத் தலையை மட்டும் மாட்டுவார்கள். அந்த அளவுத் தொப்பைக்கு அவர்களிடம் அச்சு இல்லை. புது அச்சுப் போடும் அளவுக்கு அவன் பெரிய ஆளும் இல்லை.

ஆந்தைக்கு வராத காரணம் வேறு. நீ கேட்டதால் சொல்கிறேன், தாங்கிக்கொள்.

ஆந்தை இரண்டு பேர். நானும் உன் அப்பாவும். ஒரே உயரம், ஒரே நடை. ரிங்கைச் சுற்றித் துணி தொங்கும் பார்த்திருப்பாய். ஒருவன் மேலே சண்டை போடும்போது மற்றவன் அதே முகமூடியோடு அடியில் இருப்பான். மேலே இருப்பவன் களைத்தால் வெளியே விழுந்து துணிக்குள் உருளுவான். புதியவன் எழுந்து வருவான். 'களைக்காத ஆந்தை' என்று உலகம் வாயைப் பிளந்தது. வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அண்ணிக்கு மட்டும் தெரியும். முகமூடிகளைத் தைத்தவர் அவர்தான்.

ரிங்கில் பேச முடியாது. கையால் பேசுவோம். ஒரு முறை அழுத்தினால் 'நான் நன்றாக இருக்கிறேன், நடக்கட்டும்'. இரண்டு முறை அழுத்தினால் 'அடிபட்டுவிட்டது, நிறுத்து'. உன் தோளை அவன் அழுத்துகிறான் என்று படித்தபோது கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

சுவரொட்டியில் குதிப்பது நான். இருபது அடி. கீழே என்னைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய எதிராளி அரை அடி தள்ளி நின்றான். என் கால் ரிங்கின் விளிம்பில் மோதியது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. உருண்டு துணிக்குள் போனேன். உன் அப்பா அங்கே தயாராக இருந்தான். அவன் வலது கையைப் பிடித்து இரண்டு முறை அழுத்தினேன். அவன் ஒரு முறை திருப்பி அழுத்திவிட்டு மேலே போய்விட்டான்.

நாற்பது நிமிடம். என் தலைக்கு மேலே அவன் ஓடுகிறான், விழுகிறான். ஒவ்வொரு அடிக்கும் பலகைத் தூசி என் வாயில் விழுகிறது. சாம்பியன் பெல்ட்டை வாங்கிக்கொண்டு, போட்டி நடத்திய முதலாளியின் காரில் உன் அப்பா ஊர்வலம் போனான். கூட்டம் கலைந்த பிறகு விளக்கு ஒயர் வைக்கும் பெட்டியில் என்னை மடக்கிப் போட்டு வெளியே எடுத்தார்கள். இரண்டு ஆந்தையை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். அந்தக் கால் இன்றும் மடங்காது.

மருத்துவமனைக்கு வந்தான். உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டேன். அவன் செய்தது அவனுக்குத் தெரியும். அதை அவன் ஒரு வரி எழுதித் தரட்டும். மறுநாளே கையெழுத்துப் போடுகிறேன்.

சித்தப்பா


ஜூலை 11

சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படித்தேன்.

அம்மாவின் தையல் பெட்டிக்கு அடியில் துணி வெட்ட அளவு காட்டும் பழைய காகித வெட்டுகள் இருக்கும். பட்டன் தேடுவது போலத் தேடினேன். முகமூடிக்கான வெட்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் 'பெ', இன்னொன்றில் 'சி'. பெரியவர், சின்னவர். உங்கள் தலை அரை அங்குலம் சிறியது.

நான் மேடையில் பேசியது பொய். அதற்குக் கொடுத்த கிண்ணம் இன்னும் எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கிறது.

நேற்றுச் சாப்பிடும்போது தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அப்பா, ரிங்குக்கு அடியில என்ன இருக்கும்?"

அப்பா மெல்வதை நிறுத்தினார். "பலகையும் தூசியும்."

"வேற ஒண்ணும் இருக்காதா?"

"சாப்பிடு."

அம்மா என் காலைத் தன் காலால் மிதித்தாள். அப்புறம் அப்பா கை கழுவப் போனார். இன்று முழுக்கப் பேசவில்லை. இரவில் அம்மா என் அருகில் வந்து, "டார்ச்சுக்கு வாராவாரம் பேட்டரி யாரு தின்னுறா?" என்று கேட்டாள். நான் தூங்குவது போல இருந்தேன். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். கம்பெனிக் கடிதத்தில் இரண்டு பேர் எழுதிய தேதியும் இருந்தது. 'நான் மட்டும்தான்' என்று முதலில் எழுதியது நீங்கள். அப்பா அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் எழுதினார். நீங்கள் முதலில் அப்படி எழுதாமல் இருந்திருந்தால்?

அப்பாவிடம் அந்த வரியைக் கேட்க என்னால் முடியாது. கேட்டால் அவர் திரும்பப் பேசவே மாட்டார். வேறு ஏதாவது கேளுங்கள்.

அண்ணன் மகள்


ஜூலை 19

அண்ணன் மகளுக்கு,

ஆமாம், முந்திக்கொண்டது நான்தான். பதினான்கு வருடம் அவன் வாயைத் திறப்பான் என்று காத்திருந்தவன் ஒரு தடவை முந்திக்கொண்டால் அது குற்றமா?

வேறு எதுவும் எனக்கு வேண்டாம். நீயே சொல், நான் அதிகமாகவா கேட்கிறேன்? மூன்றே வரி. 'குதித்தது என் தம்பி. அவன் இரண்டு முறை அழுத்தினான். நான் அவனை விட்டுவிட்டு மேலே போனேன்.' அவ்வளவுதான். நான் செத்தால் அதை என்னோடு போடச் சொல்வேன். அந்தக் காகிதம் என் சாவிப் பெட்டியைத் தாண்டி வெளியே போகாது. இந்தக் கால் மேல் ஆணை.

அது வந்ததும் கூட்டு ஒப்புதலில் கையெழுத்துப் போட்டு நானே கம்பெனிக்கு அனுப்புகிறேன். பெட்டியில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். உன் அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். நீ அலமாரியின் வாயை அடைக்கலாம்.

வரவில்லை என்றால் ஆகஸ்ட் 31 தாண்டியதும் ஆந்தை செத்தான். அடுத்த வரிசை என்று ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நீ கெட்டிக்காரி. உனக்கு வழி தெரியும்.

சித்தப்பா


ஆகஸ்ட் 2

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நல்ல செய்தி. அப்பா சம்மதித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா வெளியே போயிருந்தாள். நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நீங்கள் கேட்ட மூன்று வரியும் அப்படியே இருக்கிறது. படித்துக் காட்டினேன். என் தோளை அழுத்தினார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். கூட்டு ஒப்புதலிலும் அப்படித்தான்.

அப்பா உங்களை விசாரித்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இதைப் பற்றி அப்பாவுக்குக் கடிதம் எழுத வேண்டாம். அவருக்குக் கூச்சமாக இருக்கும். கூட்டு ஒப்புதலை மட்டும் கம்பெனிக்கு அனுப்புங்கள். மற்றக் காகிதம் உங்கள் பெட்டியில்தானே இருக்கும்? நீங்கள் ஆணையிட்டிருக்கிறீர்கள்.

அண்ணன் மகள்


ஆகஸ்ட் 9

அண்ணன் மகளுக்கு,

இரண்டும் வந்தன.

அண்ணன் நிஜமாகவே தோளை அழுத்தினானா என்று நான் கேட்கப் போவதில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

கால் அப்படியேதான் இருக்கிறது.

சித்தப்பா


ஜனவரி 17

சித்தப்பாவுக்கு,

ஐந்து மாதம் நீங்கள் எழுதவில்லை. நான் மூன்று கடிதம் போட்டேன். ஜெராக்ஸ் கடை அக்கா என்னைத் தூரத்தில் பார்த்தாலே உதட்டைப் பிதுக்குவார்.

போன வாரம் அலமாரி வகுப்புக்கு ஆந்தையைக் கொண்டுவந்தாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். சாம்பல் முகமூடி, வெள்ளைக் காலணி. அம்மா தைத்தது போலவே கண்ணைச் சுற்றி இரட்டைத் தையல். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஒரு நிமிடம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பின்னாடி படிக்கறேன், எல்லாரும் கேளுங்க," என்றாள் அலமாரி. பெட்டியின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தாள். உங்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. 'வெளிவராத உண்மை' என்று தலைப்பு. கால் முறிந்து கிடந்தவர் இரண்டு முறை கையை அழுத்தியும், சொந்த அண்ணனே விட்டுவிட்டுப் போய்ப் பெல்ட்டை வாங்கிக்கொண்டார் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, நம்பாதவர்களுக்காக, அண்ணன் எழுதியதாக அந்த மூன்று வரியின் படம். கையெழுத்தோடு.

என் கையெழுத்து, சித்தப்பா. எத்தனை ஆயிரம் பெட்டியில் இருக்கிறதோ தெரியவில்லை.

"பரிசு வாங்கினியே, திருப்பிக் குடுப்பியா?" என்று யாரோ கேட்டார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

உங்களுக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே என் எழுத்தைக் கண்டுபிடித்தவர் நீங்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் தோளை அழுத்தவில்லை. நான் மெத்தைகளுக்கு நடுவில் படுத்துத் தனியாகப் போட்டேன். தோளில் கை இல்லாமல் முதல் தடவையாகப் போட்டேன். இதெல்லாம் தெரிந்தும் அனுப்பியிருக்கிறீர்கள்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. பொம்மைக் கடை மெத்தைக் கடைக்கு நேர் எதிரில் இருக்கிறது. நான் தினமும் அவர் வரும் நேரத்தில் வாசலில் நின்று முகத்தைப் பார்க்கிறேன்.

காகிதம் பெட்டியைத் தாண்டாது என்றீர்கள். எந்தக் கால் மேல் ஆணையிட்டீர்கள்?


ஜனவரி 28

அண்ணன் மகளுக்கு,

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாய். நடந்ததை எழுதுகிறேன்.

கூட்டு ஒப்புதலை உறையில் போட்டுத்தான் வைத்தேன். அன்று இரவு உன் மூன்று வரியை எடுத்துப் படித்தேன். நீ எழுதியது என்று தெரியும். ஆனாலும் அது அவன் கையெழுத்து. பதினான்கு வருடம் நான் கேட்க நினைத்தது அவன் பெயருக்கு மேலே இருந்தது. மறுபடி மறுபடி படித்ததில் அவனே எழுதியதாக நம்பத் தொடங்கிவிட்டேன். காலையில் அந்தக் காகிதத்தை உறையில் போட்டேன், கூட்டு ஒப்புதலை எடுத்துவிட்டேன். அண்ணனே ஒப்புக்கொண்டால் இன்னொரு கையெழுத்து எதற்கு என்றார்கள் அவர்களும். பெட்டியில் அச்சடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை நீ நம்ப வேண்டாம்.

எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். முகமூடியைக் கழற்றலாம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. என் முகம் இருக்கும் என்று சவரம் செய்துகொண்டு உட்கார்ந்து பிரித்தேன், சிரிக்காதே. கழற்றினால் உள்ளே வழவழப்பான உருண்டை. மூக்கு இல்லை, வாய் இல்லை. கேட்டதற்கு, யார் முகம் வைத்தாலும் நாளைக்கு வழக்கு வரும் என்றார்கள். உடம்பு பொது அச்சு. அந்தக் கைகள் என்னை இரண்டு தடவை தோற்கடித்தவனுடையவை. கால் இரண்டும் நன்றாக மடங்குகிறது.

அதை உனக்கு அனுப்பியிருக்கிறேன். என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

அவனை நான் இழுத்தது அநியாயம் இல்லை. உன்னை இழுத்தது அநியாயம்.

சித்தப்பா


பிப்ரவரி 6

சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பொம்மையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

மெத்தைக் கடை முதலாளி வாங்கிவந்து கல்லாவில் வைத்தாராம். அவர் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறார். "நம்ம ஆளுய்யா" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். அப்பாதான் திருப்பிப் பார்த்தார்.

அன்று மாலை பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். கையெழுத்தின் மேல் மடங்காத விரலை வைத்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "ரெண்டு தடவையா?" என்றார்.

"என்னப்பா?"

"ரெண்டு தடவையா அழுத்தினான்?"

"சித்தப்பா அப்படித்தான் எழுதினாங்க."

அப்பா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுதான் தெரிஞ்சுது," என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. இன்றோடு பதினைந்து நாள்.

மீதியை அம்மா சமையலறையில் சொன்னாள். "அதுக்குப் பத்து நாள் முன்னாடியே அந்த ரெண்டு விரலும் போச்சு. நான்தான் கையுறைக்குள்ள தகடு வெச்சுத் தெச்சேன். தம்பிகிட்ட சொல்லாதேன்னாரு. சொன்னா அவன் ரெண்டு பேர் வேலையையும் ஒத்தையா பாப்பான்னாரு." தகடு வைத்த கையுறையை நீங்கள் இருட்டில் அழுத்தியிருக்கிறீர்கள். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் மேலே போயிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நீங்கள் உள்ளே விடாதது பெல்ட்டுக்காக என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்று எழுதினீர்கள். அவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு விரலில் உணர்ச்சி இல்லை என்று ஜூன் மாதமே உங்களுக்கு எழுதினேன். எப்போதிலிருந்து என்று நீங்கள் கேட்கவில்லை. அம்மாவிடம் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டேன். அப்பா செய்யாத ஒன்றை அப்பாவின் பெயரில் நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

நேற்று முன்தினம் தேர்ச்சி அட்டையைக் கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்தேன். பேனாவைத் திறந்து, வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தோளில் கை வரவில்லை. அப்பா பேனாவை என் கையிலிருந்து எடுத்தார். இடது கையில் பிடித்தார். தன் பெயரைப் போட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. கட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. இரண்டு இடத்தில் காகிதம் கிழிந்தது.

இன்று வகுப்பில் மிஸ் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது யாரு போட்டது?"

"அப்பா, மிஸ்."

"உங்கப்பா கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா பாக்கறேன். இப்போ பொம்மைப் பெட்டியிலகூட இருக்கு. மார்க் குறைஞ்சா வீட்ல காட்டணும், நீயே கிறுக்கிக்கிட்டு வரக் கூடாது."

அலமாரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். "அந்தப் பெட்டியில இருக்கறதுதான் நான் போட்டது, மிஸ். அப்பாவுக்குத் தெரியாமப் போட்டேன். இதுதான் அவர் போட்டது," என்றேன்.

யாரும் அலறவில்லை. மிஸ் நம்பவும் இல்லை. நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை போட்டுக் காட்ட வேண்டுமாம்.

இனி ஜெராக்ஸ் கடைக்கு எழுதாதீர்கள். எழுதுவதாக இருந்தால் வீட்டு முகவரிக்கு, அப்பா பெயருக்கு எழுதுங்கள். நான் பிரித்துப் படித்துக் காட்ட மாட்டேன். பதில் வந்தால் அது என் எழுத்தாக இருக்காது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகலாம். காத்திருங்கள்.

நாளைக்குப் பள்ளிக்கு வர வேண்டும் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது எழுந்து நடக்கிறார். கனமான அடி, லேசான அடி. மெத்தைகள் பக்கமாகத்தான் வருகிறது.

டார்ச்சை அணைக்கவில்லை.